பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்குப் பத்தமடைப் பாய்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற பத்தமடை ஊர்ப் பாய் என்றதும் எல்லாருக்கும் அந்தப் பட்டுப் பாய்தான் ஞாபகத்துக்கு வரும். கல்யாண ஜோடியின் பெயரை நெய்து, மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்களே, அது. 1953இல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் எழுத வந்தது அந்தப் பாயைப் பற்றி இல்லை. அதே ஊரில், அதே கோரையில், சுருட்டி மூலையில் நிறுத்தி வைத்திருப்பார்களே, யாரும் போட்டோ எடுக்காத சாதாரணப் பாய், அதைப் பற்றி.

எங்கள் வீட்டில் ஏழு வயதுக்குள் நான்கு பிள்ளைகள், கடைசி இரண்டும் இரட்டை. வீட்டிலேயே இருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நான்கும் இரவில் பட்டாசலில், அதாவது ஹாலில், வரிசையாகப் படுக்கும், காலையில் எழும்பும்போது எது எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. இதில் குறைந்தது ஒன்றாவது நனைத்திருக்கும். ஐந்து வயதுவரை இரவில் நனைப்பதை டாக்டர்களே ஒரு நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் அதற்குப் பிள்ளையைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, படுக்கையைத்தான் மாற்ற வேண்டும். மெத்தை, பிளாஸ்டிக் பாய், ரப்பர் ஷீட் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் எங்கள் வீட்டில் நிலைத்தது கோரைப் பாய்தான்.

மெத்தைக்கு ஒரே ஒரு குறை, ஆனால் பெரிய குறை. உள்ளே போனது வெளியே வராது. மேலே துடைக்கலாம், வெயிலில் போடலாம், ஃபோமுக்குள் இறங்கியது இறங்கியதுதான், இரண்டு நாள் கழித்து மழை மூட்டம் போட்டால் வீடே சொல்லும். இலவம்பஞ்சு மெத்தை இன்னும் மோசம், கட்டி கட்டியாகிவிடும். ரப்பர் ஷீட் கைக்குழந்தைக்குச் சரி, ஓடுகிற வயதுப் பிள்ளை அதில் வியர்த்து வழிந்து நடு ராத்திரியில் எழும்பி உட்கார்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் பாய் கழுவ லேசு, அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சித்திரை வைகாசியில் கரண்ட் போன ராத்திரியில் அதில் ஒருமுறை படுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். முதுகில் ஒட்டிக்கொண்டு வரும்.

கோரைப் பாயில் இந்தத் தொல்லை கிடையாது. கோரைத் தண்டுக்குள் பஞ்சு மாதிரி ஒரு சோறு இருக்கும், அதில் காற்று நிற்கும், அதனால் சூடு ஏறாது. பட்டுப் பாய்க்கு அந்தச் சோற்றையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுத் தோலை மட்டும் நார் நாராகக் கிழித்து நெய்வார்கள், அதனால்தான் அது அத்தனை மெலிசு, அத்தனை விலை. படுத்துத் தூங்கச் சோற்றோடு இருக்கிற தடிமனான பாய்தான் சுகம். இதை எனக்கு முதலில் சொன்னது பத்தமடையில் பாய் விற்கிற ஒரு அக்கா. நான் சும்மா ஆசைக்குப் பட்டுப் பாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், இடுப்பில் ஒன்று, காலடியில் ஒன்று. அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, “சின்னப் பிள்ளைய கெடக்க வீட்டுக்கு அது எதுக்கும்மா? அந்தா, அந்த மூலைல நிக்கதை எடுத்துட்டுப் போங்க, கழுவலாம், அடிக்கலாம், ஒண்ணும் ஆகாது” என்றார்கள். விலை கூடினதைத் தலையில் கட்டாமல் விலை குறைந்ததைக் காட்டுகிற கடைக்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நனைகிற விஷயத்துக்கு வருகிறேன், அதற்குத்தான் இதைப் படிக்கிறவர்கள் பாதிப் பேர் வந்திருப்பீர்கள். பாய் தண்ணீரைத் தடுக்காது. பின்னலுக்குள் இறங்கித் தரைக்குப் போய்விடும். முதலில் கேட்கும்போது இது குறை மாதிரித் தெரியும், ஆனால் எனக்கு அதுதான் வசதி. பிள்ளையைத் தூக்கி அடுத்த பாயில் போட்டுவிட்டு, நனைந்த பாயைச் சுவரில் சாய்த்து, தரையை ஒரு துடைப்பு துடைத்தால் இரவு வேலை முடிந்தது. பாய்க்கு மேல் பழைய நூல் சேலையை நான்காக மடித்து விரித்துவிட்டால் பாதிக்கு மேல் சேலையே குடித்துக்கொள்ளும். காலையில் மாடிக்கோ அங்கணத்துக்கோ கொண்டுபோய் இரண்டு பக்கமும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றித் தேங்காய் நார் வைத்து லேசாகத் தேய்த்து, செங்குத்தாக நிறுத்தித் தண்ணீரை வடிய விட வேண்டும். ஊற வைக்கவே கூடாது. சோப்புத் தூளும் வேண்டாம், பின்னலுக்குள் நுரை தங்கிப் பிசுபிசுக்கும். உச்சி வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் கோரை முறுகி ஒடியும், அதனால் காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் காற்றோட்டமான நிழல். ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே சுருட்டி வைத்தால் அவ்வளவுதான், உள்ளே பூசணம் பிடித்துக் கறுத்துவிடும்.

எங்கள் பக்கம் ஆனி ஆடிக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தென்காசிப் பக்கம் சாரல் விழும்போது இங்கே திருநெல்வேலியில் வெறும் காற்றும் புழுதியும்தான். பாய் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் நான்கு முனையிலும் கல் வைக்காமல் போனால் அடுத்த தெருவில் போய்த்தான் எடுக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் நேர்மாறு, காயவே காயாது. அந்த இரண்டு மூன்று மாதம் பிள்ளைக்கு ஒரு பாய் போக மாற்றுக்கு இரண்டு கூடுதலாக இருந்தால்தான் சமாளிக்க முடியும். இல்லாவிட்டால் ஃபேனுக்கு அடியில் நாற்காலி மேல் போட்டுக் காயவைத்து, அதற்குக் கீழே பிள்ளைகள் வீடு கட்டி விளையாடி, அதையும் இழுத்துத் தள்ளி… சரி, அது வேறு கதை.

2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். வடிந்த பிறகு மெத்தைகளை எல்லாம் தெருவில்தான் தூக்கிப் போட்டார்கள். பாய்களைச் சேறு போகக் கழுவிக் காயவைத்தார்கள், இரண்டு மூன்று கறுத்துப்போனது, மீதியில் இப்போதும் படுக்கிறார்கள். கோரையே ஆற்றங்கரையில் வளர்கிறது, அறுத்துக் காயவைத்து மறுபடி ஆற்றுத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு எடுத்துத்தான் பதப்படுத்துகிறார்கள், அதற்குத் தண்ணீர் புதிதில்லை. தண்ணீருக்குப் பிறகு காற்றுப் படாமல் கிடந்தால்தான் கெடும்.

பகலில் இந்தப் பாய்தான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, பள்ளிக்கூடப் பலகை, சண்டை போடுகிற எல்லைக்கோடு எல்லாம். ஆளுக்கு ஒரு மூணுக்கு ஆறு பாய் வாங்கியது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று தெரியுமா. பெரிதாக ஒரே பாயாக வாங்கிப் போட்டிருந்தால் “என் இடத்துல கால் வைக்கான்” என்று நாள் முழுக்கப் பஞ்சாயத்து. இப்போது அவரவர் பாய், அவரவர் ராஜ்யம். சுருட்டின பாய்க்குள் நுழைந்து ஒளிந்துகொள்வது, பாயை நிறுத்தி வைத்துக் கடை வைப்பது, எதற்கும் காசு கொடுத்து விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டியதில்லை. பாலும் பருப்பும் சொதியும் கொட்டினால் உடனே ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். சோற்றுப்பருக்கைதான் எதிரி. பின்னலுக்குள் ஒன்று மாட்டினால் அரை மணி நேரத்தில் கட்டெறும்பு வரிசை கட்டும், அதே இடத்தில் ராத்திரி பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டால் அப்புறம் யாருக்கும் தூக்கம் கிடையாது. அதனால் சாப்பிட்டதும் பாயைத் தூக்கித் தார்சாவில் ஒரு உதறு, இது தினமும் மூன்று வேளை வேலை. மெழுகுக் கலர் பென்சில் மட்டும் வராது. நான் விட்டுவிட்டேன்.

கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. சின்னக் குழந்தை உறுதியான, சமமான இடத்தில் மல்லாக்கப் படுப்பதுதான் பாதுகாப்பு என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள், மெத்துமெத்தென்று அமுங்குவது ஆகாது. அந்த வகையில் பாயும் மேலே ஒரு துணியும் நன்றாகவே பொருந்துகிறது. கட்டிலில் இருந்து உருண்டு விழுகிற பயமும் இல்லை. ஆனால் தவழுகிற பருவத்தில் முட்டியைக் கொஞ்சம் உராயும், என் இரட்டையரில் ஒன்று முட்டி சிவந்துபோய்க் காலை நீட்டிக் கையாலேயே நகர்ந்து திரிந்தது.

குறைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓரத்தில் கோரை முனை நீட்டிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள், ஒன்று வந்தால் வரிசையாக வரும், அதை வாயில் வைத்துக் கடிக்கவும் செய்வார்கள். அதனால் நான்கு பக்கமும் துணிக்கரை அடித்த பாயாகப் பார்த்து வாங்குங்கள், கரையில் தையல் நெருக்கமாக இருக்கிறதா என்று விரலை விட்டு இழுத்துப் பாருங்கள். டவுனில் ஒரு கடையில் பத்தமடைப் பாய் என்று சொல்லிக் கொடுத்ததில் ஒரு மாதத்துக்குள் கரை பிரிந்து தொங்கியது, சிவப்புச் சாயம் வேறு இறங்கி மூத்தவளின் வெள்ளைச் சட்டை முழுக்கப் பரவிவிட்டது. கேட்கப் போனால், “பிள்ளைய நனைச்சா நாங்க என்னம்மா செய்ய முடியும்” என்று பதில். முன்பெல்லாம் சப்பாங்கு மரக்கட்டையை வேகவைத்துச் சிவப்புச் சாயம் எடுப்பார்கள், இப்போது பெரும்பாலும் கடைச் சாயம்தான். பிள்ளைகள் படுக்கிற பாய்க்கு எந்தச் சாயமும் வேண்டாம். கோரையின் சொந்த நிறத்தில், வெறும் வெளுத்த பச்சை மஞ்சளில் இருக்கிறதே போதும், பழகப் பழகத் தேன் நிறத்துக்கு வந்துவிடும். கோடு போட்டதுதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், ஈர வெள்ளைத் துணியால் கடையிலேயே ஒருமுறை அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பாவு, அதாவது கோரையைக் கோத்துப் பிடித்திருக்கிற நூல், எந்த நூல் என்றும் கேளுங்கள். நைலான் பாவு போட்டது தண்ணீருக்குத் தாங்கும், தினமும் கழுவுகிறவர்களுக்கு அதுதான் சரி. பருத்தி நூல் பாவு படுக்க இதமாக இருக்கும், ஆனால் அடிக்கடி நனைந்தால் நூல் இற்றுப்போய் நடுவில் ஓட்டை விழும். எங்கள் அத்தை பருத்திப் பாவுதான் பாய், மற்றதெல்லாம் பாயே இல்லை என்பார்கள். அவர்கள் பாயில் யாரும் ஒன்றுக்குப் போவதில்லை, சொல்லலாம்.

விலை, நான் வாங்கிய சாதாரணப் பாய் ஒன்று 500 ரூபாய்க்குள்தான். விசைத்தறிப் பாய் இன்னும் குறைவாகக் கிடைக்கும், நெசவு சீராகத்தான் இருக்கும், அதையும் குறை சொல்லமாட்டேன். பட்டுப் பாய் ஆயிரக்கணக்கில் போகும். அது நியாயமான விலைதான், கையால் கோரையைக் கிழித்துப் பாவு நூல் 100, 120 என்று கணக்கு வைத்து நெய்கிறவர்களின் வாரக்கணக்கு வேலை அது. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனால் என் வீட்டில் பட்டுப் பாயை விரித்தால் நாலு வருஷம் கழித்து யாராவது வந்து பார்த்து அழுவார்கள். பிள்ளைகள் வளரட்டும், பார்க்கலாம்.

போகிற வழி: திருநெல்வேலியில் இருந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் போகிற பஸ், மேலச்செவல் தாண்டினால் பத்தமடை. பிள்ளைகளோடு போகிறவர்கள் சாயங்காலம் போகாதீர்கள், பஸ்ஸில் சுருட்டின பாயையும் நான்கு பிள்ளைகளையும் கூட்டத்துக்குள் ஏற்றுவது பெரும்பாடு. நாங்கள் காலையிலேயே போய் வாங்கிவிட்டு, அப்படியே காருகுறிச்சிவரை போய் ஒரு மண்பானையும் வாங்கி வந்தோம். பானை வீடு வந்து சேரவில்லை, பாய் வந்து சேர்ந்தது.

எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டால், பெரியவர்கள் மட்டும் படுத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு பாய் இரண்டு வருஷம் தாண்டினால் பெரிய விஷயம். கிழிந்ததைத் தூக்கிப் போடாதீர்கள், நல்ல பாகத்தை வெட்டி ஓரம் தைத்து மாடியில் வேட்டி விரித்து வடகம் போட அடியில் போடலாம். எங்கள் வீட்டில் இப்போது படுக்கிற பாயைவிட வடகத்துப் பாய்தான் அதிகம்.