கழித்துப்போட்ட மவுன்டன் பைக்: ஓவராயிலுக்குப் பிந்தைய நெடுநாள் அனுபவம்

யாரோ வேண்டாமென்று கழித்துப்போட்ட மவுன்டன் பைக் ஒன்றை ஓவராயில் செய்து, பல ஆண்டுகளாக அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டி வருகிறேன். 26 அங்குலச் சக்கரங்கள், எஃகு ஃப்ரேம், சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க், பின்னால் 7 பற்சக்கரங்கள் கொண்ட ஃப்ரீவீல் (சக்கர நடுவில் திருகிப் பொருத்தும் பற்சக்கரத் தொகுதி) என்று 1990களில் பரவலாக இருந்த அமைப்பு அது. இத்தகைய வண்டியை எடுக்கலாமா என்று முடிவுசெய்யும்போது, மேலே படிந்த துருவைக் கண்டு மிரள வேண்டியதில்லை. ஹேண்டில்பார் தண்டு நுழையும் குழாயின் அருகிலும், பெடல் அச்சு அமரும் கூட்டைச் சுற்றியும் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா, சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட் குழாய்க்குள் இறுகிப்போகாமல் அசைகிறதா என்ற இரண்டையும் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

என் வண்டியில் சீட் போஸ்ட் அசையவில்லை. அலுமினியத் தண்டு எஃகுக் குழாய்க்குள் ஈரத்தோடு நெடுங்காலம் கிடந்தால், இரு உலோகங்களும் தொடும் இடத்தில் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, அலுமினிய ஆக்சைடு பருத்துத் தண்டை இறுக்கிவிடுகிறது. வெறும் பலத்தால் இழுப்பது ஃப்ரேமுக்குத்தான் கேடு. பெடல் அச்சைக் கழற்றி, ஃப்ரேமைத் தலைகீழாக நிறுத்தி, அந்தக் கூட்டின் வழியாகத் துரு தளர்த்தும் எண்ணெயை உள்ளே விட்டு, நாள்கணக்கில் ஊறவைத்த பிறகே பழைய சீட்டைப் பிடித்து இடவலமாக முறுக்கி எடுக்க முடிந்தது. மீண்டும் பொருத்தும்போது கிரீஸ் பூசினேன். இன்றும் அவ்வப்போது கழற்றிப் பூசி வருவதால் அந்தத் தொல்லை திரும்பவில்லை.

இடப்பக்கப் பெடலுக்கு எதிர்மரை உண்டு. பெடல் அச்சுக் கூட்டின் வலப்பக்கக் கப்பிலும் பெரும்பாலான மவுன்டன் பைக்குகளில் எதிர்மரையே. இது தெரியாமல் ஸ்பானரைப் போட்டால், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போவோம்.

எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்பதில் செயினை அளந்து பார்ப்பது நல்ல வழிகாட்டி. புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வரும். ஓடிய செயினில் அந்த நீளம் 1/16 அங்குலத்துக்கு மேல் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும், 1/8 அங்குலத்தை எட்டியிருந்தால் பற்சக்கரங்களும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். கியர் லீவர் பிடிக்காமல் நழுவியபோது அது கெட்டுவிட்டதென்று பலரும் சொன்னார்கள். உண்மையில் உள்ளே பழைய கிரீஸ் கெட்டியாகியிருந்தது. கரைப்பானால் கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டதும் சரியாகிவிட்டது, இன்றுவரை குறையில்லை. பிரேக் கட்டைகளையும் கேபிள்களையும் தயங்காமல் புதிதாகப் போட்டுவிட வேண்டும். தார்ச்சாலையில் இரைச்சலிட்ட முரட்டு டயர்களுக்குப் பதிலாக 1.5 அங்குல வழுவழுப்பான டயர்களைப் போட்டதுதான் ஓட்டத்தில் மிகப் பெரிய மாற்றத்தைத் தந்தது.

நெடுநாள் ஓட்டத்தில் வெளிப்பட்ட பலவீனம் பின் அச்சு. ஃப்ரீவீல் வகை ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) வலப்பக்கப் பேரிங் பற்சக்கரங்களுக்கு உட்புறமாகத் தள்ளி அமைவதால், அச்சின் கணிசமான நீளம் தாங்கலின்றி நிற்கிறது. சுமையோடு குழிகளில் இறங்கி ஏறும் வண்டியில் அது வளைந்துவிடுகிறது. வளைந்த அச்சை நிமிர்த்துவதில் பயனில்லை என்பதால் பேரிங் குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கோன்களோடு சேர்த்துப் புதிதாகவே மாற்றினேன். இப்போது பின் ரிம்மின் பக்கங்களும் பிரேக் உரசி உட்குழிந்திருப்பதால், அடுத்த வேலையாகக் கேசட் ஹப் (பற்சக்கரத் தொகுதியான கேசட்டைத் திருகாமல் செருகிப் பொருத்தும் ஹப்) உள்ள சக்கரமே கட்ட இருக்கிறேன். அதில் பேரிங் வெளிப்புறமாகவே அமைவதால் அச்சு வளையும் தொல்லை குறையும். 8 அல்லது 9 பற்சக்கரங்களுக்கான கேசட் ஹப்பில் 4.5 மி.மீ. வளையம் ஒன்றைச் சேர்த்தால், 7 பற்சக்கரக் கேசட்டையும் பழைய கியர் லீவரையும் அப்படியே பயன்படுத்தலாம்.