செல்ஃப் மோட்டார் சிக்கிக்கொண்டால் சுத்தியலை எடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் பைக் வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டனை அழுத்தினால் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றும்போது இரண்டு போல்ட்டும் வந்துவிட்டன, மோட்டார் மட்டும் அசையவில்லை என்றால் அங்கே அவசரமே கூடாது. மோட்டாருக்கும் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸுக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரைச் செருகிச் சுத்தியலால் அடிக்கக் கிளம்புகிறவரிடமிருந்து வண்டியை அப்போதே தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். எங்கள் வீட்டு வண்டியை அப்படி அடித்து உடைத்தார்கள். உடைந்ததைப் பூசி மறைத்தார்கள். அதற்கு மேல் புது மோட்டாருக்கென்று பணமும் வாங்கினார்கள்.

எங்களுடையது 150 சிசி வண்டி, கிக்கர் இல்லாத மாடல். தம்பி அதில்தான் சிப்காட்டுக்கு நைட் ஷிப்ட் போகிறான். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் சிதம்பரம் ரோட்டில் நடுராத்திரி தள்ளிக்கொண்டே ஓட வேண்டியதுதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது குண்டுஉப்பலவாடியில் எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. வண்டி எஞ்சின் வரை மூழ்கி நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டர் மாற்றி ஓட்டினோம். ஓடியது. ஆனால் மாதங்கள் போகப்போக செல்ஃப் சோர்ந்து சுற்றியது, கடைசியில் பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயில் 'டிக்' சத்தம் மட்டும்தான்.

அந்தச் சத்தம் வந்தாலே மோட்டார் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பேட்டரி இறங்கியிருந்தாலும், டெர்மினல் பூத்திருந்தாலும், ரிலே கெட்டிருந்தாலும் அதே சத்தம்தான். நல்ல 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது மீட்டரில் 12.6-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். எங்கள் பேட்டரி சரியாகவே இருந்தது, ரிலேயும் சரி. ஆக மோட்டாரைக் கழற்றத்தான் வேண்டும் என்று தெரிந்தே போனேன். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வண்டியில் மோட்டார் சிலிண்டருக்குப் பின்னால், கிராங்க்கேஸ் மேல் இருக்கிறது. இரண்டு 6 எம்எம் போல்ட், ஒரு ஒயர், அவ்வளவுதான் பிடிமானம். மூக்குப் பகுதி ஓ ரிங் என்கிற ரப்பர் வளையத்தோடு கிராங்க்கேஸ் துளைக்குள் நுழைந்திருக்கும். சிக்குவது அங்கேதான். வெள்ளத்து வண்டலும் உப்புக்காற்றும் அந்த இடுக்கில் தங்கிவிட்டால் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பொடி அரித்துப்போன அலுமினியத்தைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் மோட்டாரை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஓ ரிங்கும் காய்ந்து ஒட்டியிருக்கும். கடற்கரையோரம் ஓடும் வண்டியில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

மெக்கானிக் போல்ட்டைக் கழற்றினார். கையால் ஒரு இழுப்பு இழுத்தார், வரவில்லை. உடனே பெரிய ஸ்க்ரூ டிரைவர், உளி, சுத்தியல்.

"அண்ணே, ஸ்பிரே அடிச்சு ராத்திரி ஊற வெச்சிருங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன், அவசரமில்ல."

"சார், இருபது வருசமா இதைத்தான் பண்றேன். நீங்க போயிட்டு சாயங்காலம் வாங்க."

சாயங்காலம் வண்டி தயாராக இருந்தது. செல்ஃப் எடுத்தது. மோட்டார் கன்னங்கரேலென்று புதுசாகத் தெரிந்தது. துண்டுச் சீட்டில் 'செல்ஃப் மோட்டார் 1, லேபர்' என்று எழுதி 4,600 ரூபாய் கேட்டார். பழைய மோட்டார் எங்கே என்றேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு சார், அது எதுக்கு உங்களுக்கு?" என்றார். பெட்டி கேட்டேன், அதுவும் குப்பையில் போய்விட்டதாம். பழைய பாகம் நம்முடையது. அதைத் தர மறுக்கிற இடத்தில் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே மனசில் பட்டது. சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

வாரம் திரும்புவதற்குள் வண்டி நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டு. செல்ஃப் அடித்தால் உள்ளே உரசுகிற மாதிரி கரகரவென்று சத்தம். முதுநகரில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, நகத்தால் ஒரு இடத்தைச் சுரண்டினார். சில்வர் பெயின்ட் உதிர்ந்தது, அடியில் எம்-சீல் என்கிற ஒட்டுப்பசை.

"தம்பி, இங்க வந்து பாரு. போல்ட் ஏறுற காதே இல்ல. ஒடச்சிட்டு எம்-சீல் வெச்சுப் பூசியிருக்கான். ஒரு போல்ட்லதான் மோட்டார் நிக்குது."

ஒரு போல்ட்டில் நிற்கிற மோட்டார் சாய்ந்துவிடும். ஓ ரிங் ஒரு பக்கம் விலகி ஆயில் கசியும், மோட்டாரின் கியர் பல்லும் நேராகச் சேராது. அதுதான் சொட்டு. கரகர சத்தத்துக்குக் காரணம் மோட்டாரைப் பிரித்தபோது தெரிந்தது. கறுப்புப் பெயின்டுக்கு அடியில் வரிசையாகச் சுத்தியல் பட்ட பள்ளங்கள். கூட்டுக்குள் ஒட்டியிருக்கும் காந்தக் கட்டிகளில் ஒன்று வெடித்து, சில்லு உள்ளே சுழலும் ஆர்மேச்சரில் உரசிக்கொண்டிருந்தது. இந்தக் காந்தங்கள் பீங்கான் போன்றவை, வெளியே ஓங்கி அடித்தால் உள்ளே விரிசல் விடும். ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் மட்டும் புதுசு. பின்மூடியின் ஓரத்தில் களிமண் படிந்து காய்ந்திருந்தது, எங்கள் தெருவில் வெள்ளம் விட்டுப்போன அதே வண்டல். புது மோட்டாருக்குள் ஆற்று வண்டல் எப்படி வரும்? எங்கள் மோட்டாரையே பிரஷ் மாற்றி, பெயின்ட் அடித்து, எங்களுக்கே விற்றிருக்கிறார்கள். இரண்டு பிரஷ் மாற்றும் வேலைக்குப் புது மோட்டார் காசு. அதைப் பார்த்தபோது தம்பி பேசவே இல்லை. அவன் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் அது.

அந்தப் பெரியவர் சிக்கிய மோட்டாரை எப்படி எடுப்பார் என்று கேட்டு வைத்துக்கொண்டேன், எல்லோருக்கும் பயன்படட்டும். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுவார். ரிலேயில் ஒரு முனைக்கு பேட்டரியிலிருந்து எப்போதும் நேராகக் கரண்ட் வரும், ஸ்பேனர் அதையும் ஃப்ரேமையும் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும். பிறகு துரு இளக்கும் ஸ்பிரேயை மூக்கு நுழைகிற இடத்தைச் சுற்றி அடித்து ஒரு ராத்திரி விடுவார், தேவைப்பட்டால் மறுநாளும் அடிப்பார். நேராக இழுக்க மாட்டார். மோட்டாரை இடவலமாக நூலளவு திருப்புவார், ஓ ரிங் ஒட்டு விடுவது அந்தத் திருப்பலில்தான். தட்ட வேண்டுமென்றால் மரக்கட்டை வைத்து, மோட்டாரின் போல்ட் காதில் மெதுவாக, கூட்டின் மேல் ஒருபோதும் இல்லை. அதற்கும் மசியாவிட்டால் டேங்கை இறக்கி வைத்துவிட்டு ஹீட் கன்னில் கிராங்க்கேஸைச் சூடாக்குவார். பெட்ரோல் பக்கத்தில் தீ கக்கும் புளோ லாம்ப் வைக்கிற ஆளை நம்பவே கூடாது என்றார். திரும்ப மாட்டும்போது புது ஓ ரிங், அதில் லேசாக கிரீஸ். 6 எம்எம் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் பக்கம் இறுக்கினால் போதும், அதற்கு மேல் முறுக்கினால் அலுமினிய மரை கழன்று வந்துவிடும்.

கிராங்க்கேஸில் உடைந்த காதுக்கு எஞ்சினை இறக்கி, ஆர்கான் வெல்டிங் வைத்து, லேத்தில் துளை போட்டு மரை எடுக்க வேண்டியிருந்தது. முதல் கடையில் கொடுத்ததைவிட அதிகச் செலவு. மோட்டாரும் இந்த முறை நாங்களே பில்லோடு வாங்கியது.

பழைய கடைக்குப் போய்க் கேட்டேன். "வண்டி வரும்போதே ஒடஞ்சிருந்துச்சு சார்" என்றார். வெள்ளத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸுக்காக எஞ்சினைச் சுற்றிப் போட்டோ எடுத்திருந்தோம். அதில் அந்தக் காது முழுசாக இருக்கிறது. காட்டினேன், அவர் உள்ளே போய்விட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. துண்டுச் சீட்டு, போட்டோ, பூசிய எம்-சீல், வெடித்த காந்தம் எல்லாம் ஒரு டப்பாவில் இருக்கின்றன.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு அதற்கப்புறம் செல்ஃப் மாற்றியவர்கள் இன்றைக்கே டார்ச் அடித்து அந்த இரண்டு போல்ட் காதையும் பாருங்கள். பெயின்ட் மட்டும் தனியாகப் பளபளத்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். எம்-சீல் வந்தால் போட்டோ எடுத்த பிறகுதான் கழற்ற விடவேண்டும்.