பைத்தானில் பங்கு விலை சார்ட்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னிடம் உள்ள பங்குகளின் சார்ட்களைச் சில வருடங்களாக நானே பைத்தான் என்ற நிரல்மொழியில் வரைந்து பார்த்து வருகிறேன். புரோக்கர் ஆப்பிலேயே நல்ல சார்ட் இருக்கிறதே, இது எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கோட்டுக்குள் எந்த விலை போகிறது, எந்த அளவுகோலில் போகிறது என்பதை இங்கே நான் முடிவு செய்கிறேன். அதற்காகத்தான்.

புரோக்ராம் சிறியது. அதில் மூன்று ஆயத்த நிரல் தொகுப்புகள்: ஒய்ஃபைனான்ஸ் யாஹூ ஃபைனான்ஸ் தளத்திலிருந்து விலைகளை இறக்கித் தரும், பாண்டாஸ் அவற்றை அட்டவணையாக வைத்துக்கொள்ளும், மேட்பிளாட்லிப் வரையும். பாண்டாஸை வெஸ் மெக்கின்னி 2008-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது எழுதத் தொடங்கினார். தினசரி விலையை வார விலையாகச் சுருக்குவதும் 200 நாள் சராசரி எடுப்பதும் அதில் ஒரு வரி வேலைதான்.

முதலில் கவனிக்க வேண்டியது, நீங்கள் வரைவது எந்த விலை என்பது. ரிலையன்ஸ் 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது, அதாவது கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு இலவசம். சந்தை தினமும் வெளியிடும் விலைப்பட்டியலான பாவ்காப்பியின் விலைகளை அப்படியே வரைந்தால் அந்த இடத்தில் பங்கு ஒரே நாளில் பாதியாகச் சரிந்ததுபோலத் தெரியும். ஒய்ஃபைனான்ஸ் விலையில் போனஸும் ஸ்ப்ளிட்டும் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) சரிசெய்யப்பட்டே வரும். ஆனால் அதன் அண்மைப் பதிப்புகள், நாம் எதுவும் சொல்லாவிட்டால், பழைய விலைகளிலிருந்து டிவிடெண்டையும் (நிறுவனம் தரும் லாபப் பங்கு) கழித்துவிடுகின்றன. ஐடிசி, கோல் இந்தியா போல டிவிடெண்ட் தாராளமாகத் தரும் பங்குகளில் பழைய விலை, நாம் அன்று கொடுத்த விலையைவிடக் குறைவாக நிற்கும். ஆட்டோ அட்ஜஸ்ட் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் டிவிடெண்ட் கழித்த விலையும் கழிக்காத விலையும் தனித்தனியாக வரும். நான் இரண்டையும் ஒரே சார்ட்டில் போடுகிறேன். டிவிடெண்ட் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பது அந்த இடைவெளியில் தெரிந்துவிடும். எந்த ஆப்பிலும் இதை இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

அடுத்தது லாக் ஸ்கேல், அதாவது ஒரே சதவீத மாற்றத்தை எங்கும் ஒரே உயரமாகக் காட்டும் அளவுகோல். 2008 ஜனவரி 21 அன்று சென்செக்ஸ் 1,408 புள்ளிகள் விழுந்தது, சுமார் 7.4 சதவீதம். தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4 அன்று கிட்டத்தட்ட 4,390 புள்ளிகள்; ஆனால் 5.7 சதவீதம்தான். சாதாரண ஸ்கேலில் பார்த்தால் 2024-ன் சரிவு மூன்று மடங்கு பெரிது, 2008 ஒரு சின்னப் பள்ளம். லாக் ஸ்கேலில் 2008-ன் அடிதான் பெரியது என்பது சரியாகத் தெரியும். பத்து வருடத்துக்கு மேற்பட்ட சார்ட் எதையும் நான் லாக் இல்லாமல் பார்ப்பதில்லை. அதற்குத் தேவை ஒரே ஒரு வரி.

கேண்டில் சார்ட் (ஒவ்வொரு நாளின் தொடக்க, முடிவு, உச்ச, தாழ் விலைகளை ஒரு மெழுகுவர்த்தி வடிவில் காட்டுவது) வேண்டுமென்றால் எம்பிஎல்ஃபைனான்ஸ் என்ற தொகுப்பு போதும். சனி, ஞாயிறு வெற்றிடங்களை அதுவே விட்டுவிடும், கேட்டால் வால்யூமும் (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை) கீழே வரும். ஒரு சிக்கல்: ஒய்ஃபைனான்ஸின் புதிய பதிப்புகளில் டவுன்லோட் என்ற கட்டளை தரும் அட்டவணைக்குத் தலைப்பு இரண்டு அடுக்காக வருவதால் எம்பிஎல்ஃபைனான்ஸ் பிழை காட்டும். அதற்குப் பதில் அதிலேயே உள்ள டிக்கர், ஹிஸ்டரி கட்டளைகள் வழியாக எடுத்தால் சரியாகிவிடும்.

இலவசத் தரவு என்பதால் சில நேரம் விலை வராது, அடிக்கடி கேட்டால் தடையும் விழும். ஒருமுறை இறக்கியதை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, அப்புறம் புதிய நாட்களை மட்டும் சேர்ப்பதே நல்லது. ஒரு நிமிட விலைகள் அண்மை நாட்களுக்கு மட்டுமே கிடைக்கும். அன்றாட வர்த்தகம் செய்பவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

தமிழில் தலைப்பு வைப்பதும் எளிதல்ல. மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை, கட்டம் கட்டமாக வரும். தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும், நான் வைத்திருக்கும் பதிப்பில் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. எம்பிஎல்கெய்ரோ என்ற துணைத் தொகுப்பைச் சேர்த்து வரைந்தால் எழுத்துகள் ஒழுங்காக அமையும்.