கி.ரா.வின் கோபல்ல கிராமம்: ஐம்பதுக்கு மேல் வந்த முதல் நாவல்

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, இனிமேல் எழுத ஆரம்பித்து என்ன ஆகப்போகிறது என்று தயங்குகிறவர் யாராக இருந்தாலும் முதலில் இந்த நாவலை வாங்கிப் படியுங்கள். கி. ராஜநாராயணன் 1923-ல் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் பிறந்தவர், முதல் சிறுகதை சரஸ்வதி இதழில் வந்தது 1950-களின் கடைசியில், இந்த நாவல் வந்தது 1976-ல். அதற்கு முன்னால் அவர் ஒரு கரிசல்காட்டுச் சம்சாரி, அதாவது விவசாயி. பள்ளிப் படிப்பு அதிகமில்லை, காசநோயில் விழுந்து எழுந்திருக்கிறார், பொதுவுடைமைக் கட்சியில் இருந்து விவசாயிகள் போராட்டத்துக்காகச் சிறைக்கும் போயிருக்கிறார், இதற்கு நடுவில் கர்நாடக சங்கீதத்தின் மேல் தீராத ஆசை வேறு.

கதை ஒரு கொலையில் ஆரம்பிக்கிறது. வழியில் தண்ணீர் குடிக்க இறங்கிய கர்ப்பிணிப் பெண்ணை நகைக்காக ஒருவன் தண்ணீரில் அமுக்கிக் கொல்கிறான், அவளோ சாகிற நேரத்திலும் அவன் கால் விரலைப் பல்லால் கவ்விய பிடியை விடவில்லை. அவன் அகப்படுகிறான், ஊர் கூடி விசாரித்துக் கழுவேற்றுகிறது. இடையில் 137 வயதான மங்கத்தாயாரு அம்மாள், தங்கள் ஜனங்கள் தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்கிறாள். சென்னாதேவி என்ற அழகியை ராஜா கேட்டதால் இரவோடு இரவாகக் கிளம்பியவர்கள், தெற்கே வந்து, காட்டுக்குத் தீ வைத்து, அதை நிலமாக்கி ஊர் உண்டாக்குகிறார்கள். என்னைக் கேட்டால் நாவலின் உயிர் இந்தப் பகுதிதான். நடந்ததும் நம்ப முடியாததும் ஒரே மூச்சில் வருகின்றன, ஆற்றைக் கடக்க மரமே வளைந்து கொடுக்கிறது, படிக்கிற நமக்கு ஒரு இடத்திலும் சந்தேகம் வருவதில்லை.

தாமதமாக எழுத வந்தது எங்கே தெரிகிறது என்றால், வேலையைப் பற்றிச் சொல்லும் இடங்களில். காடு அழிக்கிறது, முதல் விதைப்பு, வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து இறங்குகிறது, தீவட்டிக் கொள்ளைக்காரர்களை ஊர் எதிர்கொள்கிறது, எதையும் அவர் தூரத்தில் நின்று வர்ணிப்பதில்லை. மழைக்காக வானத்தைப் பார்த்துக் காத்துக்கிடந்த ஆளுக்குத்தான் ஒரு பூச்சிக் கூட்டம் எவ்வளவு பெரிய சாவு என்று தெரியும். அப்புறம், நாவலில் தனி நாயகன் என்று யாரும் இல்லை. இருபது வயதில் எழுதியிருந்தால் நடுவில் ஒரு இளைஞனும் அவன் மனக்கொந்தளிப்பும் வந்து உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே ஊர்தான் நாயகன், வைத்தியம் தெரிந்த கிழவர், பயிர் தெரிந்த கிழவர் என்று ஆளாளுக்கு ஒரு பட்டப்பெயரும் ஒரு கதையும் உண்டு, யாரையும் அவர் அவசரமாகத் தீர்ப்புச் சொல்லி அனுப்புவதில்லை.

ஆனால் வாழ்ந்துவிட்டால் மட்டும் எழுத்து வந்துவிடாது. அதே கரிசலில் அதே பாடு பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கி.ரா.வுக்குப் பக்கத்தில் நண்பர் கு. அழகிரிசாமி இருந்தார், அதே ஊர், கிட்டத்தட்ட ஒரே வயது, ஆனால் இளம் வயதிலேயே எழுதத் தொடங்கிவிட்டவர். இலக்கிய ரசனைக்குப் பேர்போன ரசிகமணி டி.கே.சி.யின் பழக்கமும் இருந்தது. எழுத வருவதற்கு முந்தைய வருடங்களை அவர் கேட்பதிலும் ரசிப்பதிலும் கடிதம் எழுதுவதிலும் செலவழித்திருக்கிறார், அந்தக் காதுதான் மங்கத்தாயாரு அம்மாளைப் பேச வைக்கிறது.

குறையும் உண்டு. பெயர்கள் ஏராளம், ஊரின் பெரிய குடும்பமான கோட்டையார் வீட்டுச் சகோதரர்களிலேயே யார் யார் என்று குழம்பிவிடும், நான் படித்த பதிப்பில் எழுத்தும் பொடியாக இருந்தது, முன்னால் ஒரு வம்ச அட்டவணை போட்டிருந்தால் பெரிய உதவியாக இருந்திருக்கும். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சியும் விக்டோரியா மகாராணியின் பிரகடனமும் வருகிற கடைசிப் பகுதி வேகமாக ஓடிவிடுகிறது, அதுவரை திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் பேசிய ஆள் திடீரென்று எழுந்து கிளம்பிவிட்ட மாதிரி. கதை முடிச்சை எதிர்பார்த்து வேகமாகப் புரட்டுகிறவர்களுக்கு இது சரிப்படாது.

கரிசல் பேச்சு பழக்கமில்லாதவர்கள் முதல் இருபது பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பாதி கஷ்டம் போய்விடும். அதுவும் கடினம் என்றால் முதலில் அவருடைய 'கதவு' சிறுகதை. தீர்வை (நிலவரி) பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள், அதில் பஸ் விட்டு விளையாடிய பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்பதுதான் கதை, சில பக்கங்கள்தான். பிடித்துவிட்டதென்றால் நாவலுக்கு வாருங்கள், அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது, இரண்டையும் சேர்த்தே வாங்கலாம். ஆனால் வரிசை மாற்றிப் படிக்காதீர்கள், பாட்டி சொன்ன கதை தெரியாமல் பேரன்மார் கதைக்குள் போனால் பாதி ருசி கிடைக்காது.