பிராஜக்ட் ஆய்லர்: கணக்குப் பிரிவிலிருந்து ஒரு மதிப்புரை

மாதக் கடைசியில் இரண்டு கிளைகளின் செலவுப் பட்டியல்களைச் சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது என் வேலை. பொதுச் செலவுகளை இரு கிளைகளுமே தத்தம் பட்டியலில் எழுதிவிடுவதால் மொத்தம் ஒருமுறையும் டேலி ஆவதில்லை. எடுத்துச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினால் “பார்த்துச் சொல்கிறோம்” என்று பதில் வரும். அந்தப் பதிலோடு முடிந்த ஒரு மாலையில்தான் பிராஜக்ட் ஆய்லர் தளத்தில் பதிவு செய்தேன்.

2001இல் காலின் ஹியூஸ் தொடங்கிய இந்த இலவசத் தளத்தில் இன்று 900க்கும் மேற்பட்ட கணிதப் புதிர்கள் இருக்கின்றன. எந்த வழியில் போனாலும் கடைசியில் விடையாக ஓர் எண்ணை மட்டும் இட வேண்டும். சரியா தவறா என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். நான்கு மேசைகளைத் தாண்டி ஒப்புதல் வாங்கிப் பழகியவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை விளக்கத் தேவையில்லை.

முதல் புதிரே என்னை உட்கார வைத்துவிட்டது. 1000க்குக் குறைந்த எண்களில் 3ஆலோ 5ஆலோ மீதியின்றி வகுபடுபவற்றின் கூட்டுத்தொகை என்ன? மூன்றின் மடங்குகள் 1,66,833. ஐந்தின் மடங்குகள் 99,500. இரண்டையும் கூட்டி எழுதினால் தவறு, ஏனெனில் 15, 30, 45 என்று போகும் எண்கள் இரு பட்டியலிலும் இருக்கின்றன. அவற்றின் தொகையான 33,165ஐ ஒருமுறை கழிக்க வேண்டும். என் கிளைகளின் பொதுச் செலவும் இதே 15தான் (இங்கே கழிப்பதற்கு யாருடைய கையொப்பமும் வேண்டாம்).

18ஆம் புதிரில் 15 வரிசை கொண்ட எண் முக்கோணம் ஒன்று வருகிறது. உச்சியிலிருந்து அடிவரை இறங்கும் 16,384 பாதைகளில் மிகப் பெரிய கூட்டுத்தொகையைத் தருவது எது என்பது கேள்வி. நான் அதை எக்செல்லில் தலைகீழாகப் போட்டேன்: அடி வரிசையில் அடுத்தடுத்த இரண்டு எண்களில் பெரியதை மேலேயுள்ள எண்ணோடு கூட்டியபடி ஏறினால், உச்சிக் கட்டத்தில் விடை தானாக வந்து நிற்கிறது. 67ஆம் புதிர் இதே கேள்வியை 100 வரிசைகளுக்குக் கேட்கிறது. அதற்கும் அதே சூத்திரத்தை இழுத்துவிட்டால் போதும்.

குறைகளும் உண்டு. விடை தவறானால் எங்கே பிசகியது என்று ஒரு குறிப்பும் கிடைக்காது. புதிர்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. போகப் போக, பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழி தெரியாமல் நகர முடிவதில்லை. எக்செல்லை மட்டும் நம்பிய நான் அங்கேதான் பல வாரம் நின்றுவிட்டேன்.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் வரிசைப்படி போக வேண்டாம். 1, 5, 6, 15 ஆகிய நான்கையும் தாளும் கால்குலேட்டரும் கொண்டே முடித்துவிடலாம். அவற்றிலும் 5ஆம் புதிரை மதிய உணவு இடைவேளைக்கு வைத்துக்கொள்வது நல்லது.