போராட்ட நேரத்தில் தூதரகத் திகதி விற்பவர்கள்: கவனம்

வெளிநாட்டுப் படிப்புக்காக ஏஜென்சிகளிடம் போகும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். நடந்தது 2022 ஜூலையில். இவ்வளவு காலம் கழித்து எழுதக் காரணம், அதே ஆள் இப்போது வேறு பெயர்ப்பலகையோடு இன்னொரு வீதியில் கடை திறந்திருக்கிறார். முறைப்பாடு இன்னும் பொலிஸில் கிடப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர் செய்த வேலையின் முறை தெரிந்தால், யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

என் தங்கைக்கு அமெரிக்காவில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஓகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடக்கம். கொழும்பு அமெரிக்கத் தூதரகத்தில் எஃப்-1 (மாணவர்) விசா நேர்முகம் ஜூலை 13, புதன்கிழமை. படிவம் நிரப்பியது, பணம் கட்டியது, திகதி எடுத்தது எல்லாமே ஏஜென்சிதான். விசாக் கட்டணம் 160 டொலர் (2023 ஜூனில் 185 ஆகிவிட்டது), செவிஸ் கட்டணம் (வெளிநாட்டு மாணவரை அமெரிக்க அரசாங்கம் பதிவு செய்வதற்கானது) 350 டொலர், அதற்கு மேல் அவர்களுடைய சேவைக் கட்டணம். டொலர் 360 ரூபா விற்ற காலம் அது. அம்மாவின் ஒரு சோடிக் காப்பு அதோடு போனது.

அந்த வாரம் நாடு இருந்த நிலை எல்லோருக்கும் தெரியும். ஜூலை 9, சனிக்கிழமை சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையும் போராட்டக்காரர் கையில். தூதரகம் இருப்பது அதே காலி வீதியில், கொள்ளுப்பிட்டியில், அலரி மாளிகைக்குக் கிட்ட. 'நேர்முகம் நடக்குமா?' என்று திங்கட்கிழமை ஏஜென்சிக்காரரிடம் கேட்டேன்.

"தம்பி, அது அமெரிக்காக்காரன்ர இடம். ஒரு நாளும் பூட்டமாட்டான். தங்கச்சி போகாமல் விட்டா வரேல்லை எண்டு பதிஞ்சுபோடுவாங்கள், பிறகு விசாவை மறக்க வேண்டியதுதான்" என்றார். பயம் காட்டுவதில் அவருக்கு நல்ல கைராசி.

பிரயாணத்துக்கும் அவரே வழி சொன்னார். தெரிந்தவருடைய வான், டீசல் ஏற்பாடு தன் பொறுப்பு. அப்போது அரசாங்க விலை லீற்றர் 460 ரூபா, ஆனால் அந்த விலைக்கு எங்கே கிடைத்தது? ஜூன் கடைசியிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்தார்கள். இவர் லீற்றர் 1,500 என்று கணக்குப் போட்டு, போக வர எண்பது லீற்றர், ஆக 120,000 ரூபா என்றார். அதோடு 'பாதை அனுமதிக் கடிதம்' என்று ஒன்று, 15,000 ரூபா. அது இல்லாமல் இராணுவம் கொள்ளுப்பிட்டிப் பக்கம் விடாதாம். அமெரிக்கக் கழுகுச் சின்னம் போட்டு, கலர் பிரின்ட் எடுத்து, கீழே யாரோ கையெழுத்து வைத்த தாள்.

செவ்வாய் பின்னேரம் வான் ஏறினோம். வழி நெடுக எரிபொருள் வரிசை. விடியும்போது வெள்ளவத்தையில் மாமி வீடு. இரவோடு இரவாக ஜனாதிபதி கோட்டாபய விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் போய்விட்டார் என்று மாமிதான் தேத்தண்ணியோடு சேர்த்துச் சொன்னார். தங்கை அதைக் காதில் வாங்கவில்லை. 'ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?' என்ற கேள்விக்குத் தனக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பம்பலப்பிட்டி வரைக்கும் ஒரு ஆட்டோ, அதற்குப் பிறகு நடை. தடுப்பு வைத்திருந்த இடத்தில் அந்தக் கடிதத்தை நீட்டினேன். சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடமே தந்தார். கடவுச்சீட்டையும் நேர்முக உறுதித் தாளையும் கேட்டார், பார்த்தார், போகச் சொன்னார். 15,000 ரூபாத் தாளின் கதை அவ்வளவுதான்.

தூதரக வாசலில் கூட்டமே இல்லை. காவலர் அரைகுறைத் தமிழில் விளக்கினார்: தங்கையின் நேர்முகம் இரத்து. அவளுக்குச் செவ்வாய்க்கிழமையே அறிவித்தாயிற்று. பதிவு செய்தவர்களுக்குத் தூதரகமே வேறு திகதி போட்டுத் தரும், காசு எதுவும் கட்டத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமையே. நாங்கள் வான் ஏறியதே செவ்வாய் பின்னேரம்தான்.

அங்கிருந்தே ஏஜென்சிக்கு எடுத்தேன். மனுசன் அதிர்ச்சி அடைந்த மாதிரி நடித்த நடிப்பு இருக்கிறதே! 'எனக்கும் இப்பதான் தெரியும்' என்றவர், மூச்சு விடாமல் அடுத்ததுக்கு வந்தார். சாதாரண வரிசையில் இனித் திகதி டிசம்பரில்தானாம். தன்னிடம் 'அவசரத் திகதி' ஒன்று இருக்கிறதாம், 75,000 ரூபா, இன்றைக்கே போட வேண்டுமாம். அதுக்கும் மேலே, நேர்முகம் தவறியதால் செவிஸ் கட்டணத்தைத் திரும்பக் கட்ட வேண்டுமாம். 350 டொலர், அன்றைய விலைக்கு 126,000 ரூபா.

தங்கை நடைபாதையிலேயே குந்திவிட்டாள். சுற்றிவர, அலரி மாளிகையைப் பார்க்கக் குழந்தை குட்டிகளோடு வந்த சனம், திருவிழாவுக்குப் போவதுபோல எங்களைக் கடந்து போனது. நாங்கள் திரும்பி நடக்கத் தொடங்கினோம். பிரதமர் அலுவலகப் பக்கம், ஃபிளவர் வீதியில், கண்ணீர்ப்புகை அடிக்கிறார்கள் என்று எதிரே வந்தவர்கள் சொன்னார்கள். மேல் மாகாணத்துக்கு ஊரடங்கு என்ற செய்தியும் வந்தது. இந்தப் பதற்றத்தில்தான் ஆள் விடாமல் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். யோசிக்க நேரம் தந்தால் பிழைத்துப்போவோம் என்று அவருக்குத் தெரியும்.

காசு அனுப்பாமல் தப்பியது மச்சாளால். அவள் கேட்ட முதல் கேள்வி: "நேர்முகம் பதிஞ்ச கணக்கில ஆற்ற மின்னஞ்சல் இருக்கு?" உறுதித் தாளை எடுத்துப் பார்த்தோம். தங்கையின் பெயர், தங்கையின் கடவுச்சீட்டு இலக்கம், ஆனால் மின்னஞ்சல் ஏஜென்சியுடையது. தொலைபேசி இலக்கமும் அவர்களுடையதே. கடவுச்சொல் எங்களுக்குத் தரப்படவே இல்லை.

விசா உதவி மையத்துக்கு எடுத்தாள். கடவுச்சீட்டு இலக்கம், டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவத்தின் உறுதி இலக்கம், பணம் கட்டிய பற்றுச்சீட்டு இலக்கம் மூன்றையும் கேட்டார்கள், பிறகு மின்னஞ்சலிலும் அனுப்பச் சொன்னார்கள். பதிலில் எல்லாம் வெளிச்சம். இரத்தான தகவல் செவ்வாய்க்கிழமையே பதிவு மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. அதாவது எங்களை வானில் ஏற்றி, கையசைத்து அனுப்பும்போதே அந்த ஆளுக்கு விசயம் தெரியும். வான் காசு போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

மின்னஞ்சலைத் தங்கையுடையதாக மாற்றிய பிறகு, புதுத் திகதி அவளுக்கே வந்து சேர்ந்தது. ஒரு சதம் கட்டவில்லை. டிசம்பரும் இல்லை, ஓகஸ்டுக்கு முன்னமே. இரண்டாம் முறை ரயிலில் போனோம். விசா கிடைத்தது, வகுப்புக்கும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவர் சொன்ன பொய்களைத் தனித்தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதே பொய்களைத்தான் மற்றவர்களிடமும் சொல்கிறார். அவசரத் திகதி என்று ஒன்று உண்மையில் இருக்கிறது. ஆனால் அது யாருடைய மேசை லாச்சியிலும் கிடையாது. முதலில் கட்டணம் கட்டி, சாதாரணத் திகதி ஒன்றை எடுத்துவிட்டு, அதே கணக்கிலிருந்து காரணத்தைச் சொல்லி விண்ணப்பிப்பது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, கொடுப்பதும் மறுப்பதும் தூதரகத்தின் முடிவு. செவிஸ் கட்டணமும் நேர்முகம் தள்ளிப்போவதால் செத்துப்போகாது. பல்கலைக்கழகம் தரும் ஐ-20 அனுமதித் தாளில் உள்ள செவிஸ் இலக்கம் மாறாத வரைக்கும் கட்டியது கட்டியதுதான். வகுப்புக்குப் பிந்துமென்றால், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். பிந்தி வர விடுவார்கள், அல்லது அடுத்த தவணைக்கு மாற்றிப் புது ஐ-20 தருவார்கள். தூதரகமே திகதியை மாற்றினால் அது நீங்கள் வராமல் விட்டதாகாது. வீதித் தடுப்புக்கு அனுமதிக் கடிதம் என்பது சுத்தக் கட்டுக்கதை.

ஊருக்கு வந்து கேட்டபோது, 15,000 ரூபாவை ஒரு பொடியனிடம் கொடுத்து அனுப்பினார். வான் காசு டீசலுக்குப் போய்விட்டது என்றார். பொலிஸில் முதலில் கேட்டது பற்றுச்சீட்டு. எங்களிடம் இருந்தது சேவைக் கட்டணத்துக்கானது மட்டும், வான் காசு கைக்காசு. ஆனால் 75,000 கேட்டு வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவுகளை எழுதி எடுத்துக்கொண்டார்கள், அந்தக் கடிதத்தையும்தான். நுகர்வோர் அதிகார சபைக்கும் 1977 இலக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறோம்.

இப்போது ஏதாவது ஏஜென்சி மூலம் நேர்முகத் திகதி எடுத்து வைத்திருப்பவர்கள், உறுதித் தாளில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால், கொழும்புக்கு வெளிக்கிட முதல் அதை மாற்றி, கடவுச்சொல்லையும் கையில் வாங்குங்கள். தர மறுத்தால் மேலே சொன்ன மூன்று இலக்கங்களோடு உதவி மையத்துக்கு நேரே எழுதுங்கள். அந்த மூன்றும் வேண்டுமென்றால் பணம் கட்டிய பற்றுச்சீட்டு உங்களிடம் இருக்க வேண்டும், ஏஜென்சிக்காரர் அதைக் கோப்புக்குள் வைத்துக்கொள்ளப் பார்ப்பார். கழுகுச் சின்னக் கடிதம் வேறு யாருக்காவது விற்கப்பட்டிருந்தால், கிழித்துப் போடாமல் பொலிஸுக்குக் கொண்டுபோங்கள். எங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துப் பார்க்க இன்னொன்று கிடைத்தால் பொலிஸுக்கும் உதவும்.