மூன்று டப்பா வாங்கியதில் மிஞ்சியது ஒன்று

இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்த பத்தாவது நாளே எனக்குக் காலைக்கடன் நிஜமாகவே கடனாகிவிட்டது. நாள் தள்ளிப்போனால் வட்டியோடு கட்ட வேண்டியிருந்தது. "நார்ச்சத்துப் பொடி ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர். எந்த நார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதில்தான் மூன்று டப்பா செலவு.

முதலில் வாங்கியது 'கம்மி' என்னும் ஜெல்லித் துண்டுகள். மிட்டாய் போல மெல்லலாமே என்ற ஆசைதான். பேருக்கேற்றபடி நார்ச்சத்தும் கம்மி: இரண்டு மென்றால் 4 கிராம், கூடவே சர்க்கரை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதோ 25 முதல் 30 கிராம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் நாரின் பெயர் இனுலின் என்று இருந்தது. சிக்கரி வேரிலிருந்து எடுப்பது. குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கு அது விருந்து, புளிக்கவைத்துத் தின்னும். வாயு மட்டும் நமக்கு. மூன்றாம் நாள் மீட்டிங்கில் என் வயிறு பேசியது பக்கத்து நாற்காலிவரை கேட்டிருக்கும்.

அடுத்தது கோதுமை டெக்ஸ்ட்ரின், கோதுமை மாவுச்சத்திலிருந்து செய்யும் நார்ப்பொடி. தண்ணீரில் போட்டால் தடமே தெரியாமல் கரையும். ருசியும் இல்லை, தொந்தரவும் இல்லை, எனக்குப் பலனும் இல்லை.

கடைசியாகத்தான் இசப்கோல் விதையின் உமிக்கு வந்தேன். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் போட்டுக் கலக்கிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் டம்ளருக்குள் கூழ். குடிக்க மனம் வராமல் சிங்க்கில் கொட்டினேன், சிங்க் அடைத்துக்கொண்டதுதான் மிச்சம். ஆனால் வேலை செய்வதே அந்தக் கொழகொழப்புதான். அது அவ்வளவாகப் புளிக்காது. உறிஞ்சிய தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டு பெருங்குடல்வரை போகும். மலம் இளகும், வாயுவும் அதிகம் சேராது. கலக்கிய கையோடு குடித்துவிட வேண்டும், பின்னாலேயே இன்னும் அரை டம்ளர் தண்ணீர். தண்ணீர் போதாவிட்டால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளலாம். விழுங்கச் சிரமப்படுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

இதே உமி காப்ஸ்யூலிலும் வருகிறது. ஒன்றில் அரை கிராம் அளவுதான் இருக்கும். ஒரு ஸ்பூனுக்கு ஈடாக எத்தனை விழுங்குவது? ஆரஞ்சு ருசி வேண்டுமென்றால் சர்க்கரையோ செயற்கை இனிப்போ சேர்ந்தே வரும். வெறும் உமியே போதும்.

முதல் வாரம் அரை ஸ்பூன், அப்புறம்தான் முழு ஸ்பூன். அரை ஸ்பூனிலேயே மூன்றாம் நாள் வழி பிறந்தது. மருந்து உடம்பில் சேர்வதை இது தடுக்கக்கூடும் என்பதால் குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். எனக்கு மாத்திரை காலையில், உமி இரவில்.

இந்த உமிக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று டப்பாவுக்கு. வாய் குறுகல், உள்ளே ஸ்பூனும் கிடையாது. ஈரக் கையை விட்டுவிட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, கழுவக் கழுவ வழுக்குகிறது.